டிங்கரை யாரிடம் விட்டுப் போவது

ஐல்சா புரூம்ஹெட்டின் அலமாரிக்கு மேல் ஒரு நீலப் பெட்டி இருந்தது. பயணத்துக்கென்றே வாங்கிய பெட்டிதான். ஆனால் பயணம் என்று ஒன்று வராததால் குளிருக்கான கம்பளிகளை அதில் போட்டு வைத்திருந்தாள். கம்பளி எடுக்கும்போதெல்லாம் பெட்டியின் கைப்பிடி பளபளவென்று புதுசாகவே இருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வரும்.

கோதுமைச் சீமையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு காரணம் காத்துக்கொண்டிருக்கும். விதைப்பு வரும். விதைப்பு முடிந்தால் குளிரில் ஆடு குட்டி போடும். அப்புறம் ரோமம் கத்தரிக்க ஆட்கள் வருவார்கள், அத்தனை பேருக்கும் சமைத்துக் கொட்ட வேண்டும். கோடையில் அறுவடை. அறுவடையும் முடிந்ததா, வயலில் நிற்கும் அறுத்த தாளில் தீப்பிடித்துவிடுமோ என்று காவல். இதற்கு நடுவில் யாராவது ஊருக்குப் போகலாம் என்றால், அவள் புருஷன் மெர்வ் வானத்தை ஒருதரம் பார்ப்பான். வேண்டாம் என்று சொல்லமாட்டான். வானத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான்.

மெர்வ் கெட்டவன் இல்லை. குடித்துவிட்டுக் கத்தியதில்லை, கையை ஓங்கியதில்லை. ஆனால் தேனிலவுக்குப் போனவன் பாதி வழியில் வண்டியைத் திருப்பினான் என்பதும் உண்மை. கடற்கரையோரம் ஒரு விடுதியில் அறை சொல்லியிருந்தது. போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்று, அவர்கள் ஊர்ப் பக்கத்தில் நல்ல மழை என்று சொன்னது. மெர்வ் வானத்தைப் பார்த்தான், புதுப்பெண்டாட்டியைப் பார்த்தான், வண்டியைத் திருப்பிவிட்டான். மறுநாள் அவள் பயணத்துக்குத் தைத்த உடுப்போடு விதை லாரி ஓட்டினாள். அந்த வருஷம் விளைச்சல் அமோகம். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

ஐல்சாவின் தங்கை லினெட் நியூசிலாந்தில் ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவள். அவள்தான் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். கடைசியாக வந்து கிளம்பும்போது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன் உன்னை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவான்னு, நான் செத்து என் ஆவி வந்து நின்னாலும் நம்பாது" என்றாள். மெர்வ் சிரித்தான். ஐல்சாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது.

காலம் போயிற்று. மெர்வுக்கு இடுப்பு முன்போல் இல்லை. நிலத்தைப் பக்கத்துக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டு, ஆடுகளை விற்றுவிட்டு, இரண்டு பேரும் யாராபின் ஊர் எல்லையில் ஒரு வீட்டுக்கு வந்தார்கள். விதைப்பு இல்லை, குட்டி இல்லை, கத்தரிப்பு இல்லை. மிச்சம் இருந்தது டிங்கர் மட்டும்தான்.

டிங்கர் கெல்பி நாய். ஆடு மேய்க்கப் பிறந்த ஜாதி. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். வேலை செய்தே வளர்ந்தது. வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மெர்வின் பிக்கப் வண்டியின் பின்தட்டுதான் அதற்கு ராஜ்யம். ஆடு போன பிறகும் தினம் காலையில் மெர்வ் அதை ஏற்றிக்கொண்டு தானியக் கிடங்கு ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வருவான். பக்கத்துக்காரன் ஆடுகளை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அது எண்ணிப் பார்க்கும். எண்ணுகிறது என்றுதான் மெர்வ் சொல்வான்.

அப்போதுதான் லினெட்டுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. இனி விமானம் ஏற முடியாது என்று சொல்லிவிட்டாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. ஐல்சா போனை வைத்தாள், நீலப் பெட்டியை இறக்கி வெயிலில் காயவைத்தாள், இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாள். எடுத்த பிறகுதான் ராத்திரிச் சாப்பாட்டில் மெர்விடம் சொன்னாள்.

மெர்வ் ஆட்டுக்கறியை வெகுநேரம் மென்றான். இப்போது பார்க்க வானம் இல்லை, மேலே சமையலறைக் கூரைதான் இருந்தது. "சரி" என்றான். அப்புறம், "டிங்கரை யாரு பாத்துப்பாங்க?" என்றான்.

ஐல்சாவுக்கு அந்தக் கேள்வியில் பழைய வாசனை அடித்தது. "ஆள் கெடச்சா நீ வருவ. கெடைக்கலன்னா நான் மட்டும் போவேன். இந்தத் தடவை ரெண்டுல ஒண்ணு" என்றாள். சொன்னாளே தவிர, தனியாகப் போய் லினெட் வாசலில் நிற்க அவளுக்கு மனசில்லை. அவனோடு போய் இறங்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

ஆள் தேடத் தொடங்கினார்கள்.

கிளாரி என்ற மெர்வின் கூட்டாளி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாக வந்தான். மெர்வ் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றான். "அவன் தன் பொண்டாட்டியையே ஆட்டுச் சந்தையில மறந்து விட்டுட்டு வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடிச்சவன்." அது உண்மைதான், ஊருக்கே தெரியும். ஐல்சா போட்ட விளம்பரத்தைப் பார்த்து ஒரு இளஞ்ஜோடி போனில் பேசியது. வீட்டில் நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்டது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆடு குடித்தது என்றாள் ஐல்சா. அப்புறம் அவர்கள் பேசவில்லை.

பெரிய ஊரில் நாய்களைத் தங்கவைக்கிற இடம் ஒன்று இருந்தது. வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். போய்ப் பார்த்தால், ஐல்சா வீட்டைவிடச் சுத்தம். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு அறை, அறைக்கு ஒரு சோபா, சுவரில் டிவி. டிவியில் முயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊதாச் சட்டை போட்ட பெண் நாய்களை விருந்தாளிகள் என்று சொன்னாள். மெர்வ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தான்.

"சாயங்காலம் ஐஸ்கிரீம் உண்டு" என்றாள் அந்தப் பெண்.

"இவனுக்கு வேலை என்ன?" என்று கேட்டான் மெர்வ்.

"சந்தோஷமா இருக்கிறதுதான்."

மெர்வ் டிங்கரைப் பார்த்தான். அந்த வேலைக்கு அது ஆகுமா என்பது போல.

ஒருநாள் விட்டுப் பார்ப்போம் என்று விட்டார்கள். டிங்கர் வாசல்படி வரைக்கும் வந்தது. படிக்கு வெளியே இரண்டு முன்னங்காலையும் கோடு போட்டது போல் வைத்து உட்கார்ந்தது. அந்தப் பெண் கோழித்துண்டைக் காட்டினாள். டிங்கர் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாவம், நல்லெண்ணத்தில் அவள் அதைத் தூக்கி உள்ளே வைத்தாள். வீட்டுக்குள் வந்தால் தப்பு என்று வளர்ந்த நாய் அது. திருட்டில் பிடிபட்டவன் போலச் சுவரோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டது. மாலையில் அவர்கள் போனபோது அப்படியே நின்றுகொண்டிருந்தது. தண்ணீர்கூடத் தொடவில்லை. அந்தப் பெண்ணுக்கு அழுகை வரும் போலிருந்தது. உங்களையும் குறை சொல்லவில்லை, இவனையும் சொல்லவில்லை, இவனுக்கு இந்த இடம் ஒத்துவராது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டாள்.

திரும்பும் வழியில் மெர்வ் விசிலடித்துக்கொண்டே ஓட்டினான்.

"சந்தோஷமா?" என்றாள் ஐல்சா.

"எனக்கென்ன சந்தோஷம்?" என்றான். விசில் நின்றுவிட்டது.

புதன்கிழமைகளில் ஐல்சா தேவாலயத்துப் பழைய சாமான் கடையில் துணி மடிக்கப் போவாள். அங்கே கெட்டிலுக்கு மூடி தேடிக்கொண்டு ஒருத்தி வந்தாள். குட்டையான உருவம், குட்டை முடி, குரல் மட்டும் நெட்டை. பேர் நோலா. மெல்போர்னில் டிராம் ஓட்டியவள். புருஷன் போன பிறகு வீட்டை விற்று, சின்னதாக ஒரு கேரவன் வீடு வாங்கி, அதைக் காரில் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். இப்போது கண்காட்சித் திடலில் நிறுத்தியிருக்கிறாள். வெளியூர் போகிறவர்கள் வீட்டு முற்றத்தில் கேரவனைப் போட்டுக்கொள்வாள். கரண்டும் குளியலும் அவர்களுடையது, நாயைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. அப்படி எத்தனையோ ஊரில் எத்தனையோ நாய். தன் நாய் செத்த பிறகு இன்னொன்று வளர்க்க மனசில்லை, மற்றவங்க நாய்னா போகும்போது அழுதுட்டுப் போயிடலாம் என்றாள்.

ஐல்சா துணியை அப்படியே போட்டுவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

நோலா நாயைக் கூப்பிடவில்லை. முற்றத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மெர்வோடு வெயிலைப் பற்றிப் பேசினாள். டிங்கர் வந்து அவள் பூட்ஸை மோந்து பார்த்தது. அதில் வேறு ஊர் நாய்களின் கதையெல்லாம் இருந்திருக்கும் போல, நிதானமாகப் படித்துவிட்டு அங்கேயே படுத்தது.

அப்போது நோலா கேட்டாள். "நீங்க இல்லாதப்ப இவன் என்ன செய்வான்?"

மெர்வ் யோசித்தான். "நான் எப்ப இங்க இல்லாம இருந்தேன்?" என்றான்.

சமையலறை ஜன்னலில் நின்றிருந்த ஐல்சாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் வேறொன்று வந்தது. தான் எங்கும் போகவில்லை என்றே இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்தாள். அவனும்தானே எங்கும் போகவில்லை. ஆனால் அதற்காக அவள் டிக்கெட்டை விட்டுக்கொடுப்பாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மெர்வ் நோலாவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தான். எலும்பை எப்படி வெட்டுவது, தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காமல் வாளியில் வைப்பது, இடி இடித்தால் வண்டிக்கு அடியில் போய்விடும், இழுக்கக் கூடாது. காலைச் சுற்றுக்கு அவளையே பிக்கப் ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து போனான். டிராமுக்குத் தண்டவாளம் உண்டு, இதற்கு இல்லை, வேறொரு வித்தியாசமும் இல்லை என்றாள் நோலா. மெர்வுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அது அவனுக்கே பிடிக்கவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. மறுநாள் காலை மெல்போர்னில் விமானம், ராத்திரி அங்கே தங்குவதாக ஏற்பாடு. மெர்வ் டிங்கரின் தலையை ஒருதரம் அழுத்தினான், காரில் ஏறினான், திரும்பிப் பார்க்கவில்லை. பாதி வழியில் ஒரு ஊரில் பேக்கரி முன்னால் நிறுத்தி, வெளியே போட்டிருந்த மேஜையில் உட்கார்ந்து கிரீம் வைத்த வனிலா ஸ்லைஸ் சொன்னார்கள். ஐல்சா அன்றைக்குத்தான் நன்றாக மூச்சு விட்டாள்.

அப்போது போன் அடித்தது. நோலா. ஐல்சா போனை மேஜைமேல் வைத்து இரண்டு பேருக்கும் கேட்கும்படி போட்டாள்.

காலைச் சுற்று போய்வந்தாயிற்றாம். வண்டியைத் தொழுவத்துப் பக்கம் நிறுத்தி, பின்தட்டின் கதவையும் திறந்துவிட்டாளாம். டிங்கர் இறங்கவில்லை. கூப்பிட்டாள், வரவில்லை. எலும்பைக் காட்டினாள், மரியாதையாகப் பார்த்ததாம், அவ்வளவுதான். வெயில் ஏறிவிட்டது. இப்போது மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டி, தண்ணீர் வாளியை மேலே தூக்கிவைத்து, அவளும் பின்தட்டிலேயே அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"பயந்த மாதிரி தெரியல, மெர்வ். எதுக்கோ காத்திருக்கிற மாதிரி இருக்கு. எனக்குத்தான் எதுக்குன்னு தெரியல" என்றாள்.

மெர்வ் எழுந்துவிட்டான். ஸ்லைஸை ஒரு கடிதான் கடித்திருந்தான், உதட்டோரம் கிரீம் இருந்தது. "திரும்பிடலாம், ஐல்" என்றான்.

கார் சாவி மேஜையில் கிடந்தது. ஐல்சா அதன்மேல் கையை வைத்தாள்.

"உக்காரு."

"நாய் வெயில்ல கெடக்குது."

"தார்ப்பாய் இருக்கு, தண்ணி இருக்கு, கூட ஆள் இருக்கு. நீ உக்காரு." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கும் இப்படித்தான் திருப்பின."

மெர்வுக்கு என்றைக்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அன்னிக்கு மழை பெஞ்சுது, ஐல்சா."

"இன்னிக்கு என்ன பெய்யுது?"

அடுத்த மேஜையில் ஒரு லாரி டிரைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தான். மெர்வ் மெல்ல உட்கார்ந்தான்.

"தினம் அவன் இறங்குறானே, எப்படி இறங்குறான்?" என்றாள் ஐல்சா.

"இறங்குவான். நான் தட்டுவேன்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே வாயைப் பிளந்தான். ஆட்டுமந்தைக்கு நடுவில் நாய் தன்னிஷ்டத்துக்கு வண்டியிலிருந்து குதித்தால் மந்தை சிதறிவிடும். அதனால் சொன்னால் ஒழிய இறங்கக் கூடாது என்றே இந்தப் பக்கத்தில் நாயை வளர்ப்பார்கள். எல்லோர் வீட்டு நாயும் அப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வார்கள்? டிராம் ஓட்டியவளுக்கு அது தெரிந்திருக்காது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவள் கூட வந்த நாட்களிலும் அவனே இறங்கித் தட்டியிருக்கிறான், தட்டியது அவனுக்கே நினைவில்லை.

"நோலா, கீழ இறங்கி நில்லுங்க. வண்டிப் பக்கவாட்டுத் தகரத்துல உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுங்க. தட்டிட்டு வீட்டைப் பாக்க நடங்க" என்றான்.

போனில் தகரம் இரண்டு முறை அதிர்ந்தது. காலடிச் சத்தம் கேட்டது. பிறகு நோலா, "வரல. காதை மட்டும் தூக்குறான்" என்றாள். "நீங்க தட்டும்போது ஏதோ முணுமுணுப்பீங்களே. இடுப்பு வலிக்கு ஏதோ சொல்லிக்கிறீங்கன்னு நெனச்சேன். அது என்ன?"

மெர்வுக்குக் கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காது வரை போயிற்று. ஐல்சா அவன் முகத்தில் அந்த நிறத்தைக் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி.

"ஒண்ணுமில்ல" என்றான்.

"ஒண்ணுமில்லாததுக்கா அந்த நாய் காத்துட்டிருக்கு?" என்றாள் ஐல்சா.

லாரி டிரைவர் பார்க்காதவன் போல ரோட்டைப் பார்த்தான். மெர்வ் போன் பக்கம் குனிந்து, பாதிரியாரிடம் பேசுகிறவன் போலத் தணிந்த குரலில் சொன்னான்.

"போதும்டா, அவ காத்துட்டிருப்பா. அதான். வேலை முடிஞ்சா அப்படித்தான் சொல்லுவேன்."

நோலா அங்கே இரண்டாம் முறை கேட்கவில்லை. அவளுடைய டிராம் குரலில், கடைசி நிறுத்தத்தில் ஜனங்களை இறக்குகிற குரலில், "போதும்டா, அவ காத்துட்டிருப்பா" என்று சொல்லித் தகரத்தை இரண்டு தட்டு தட்டினாள். மண்ணில் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் வாளியில் நாக்கு சளப்சளப் என்று அடிப்பது கேட்டது. அப்புறம் நோலா சிரித்தாள்.

போன் நின்றது. நிலத்தில் இருந்த காலத்தில் தினம் இருட்டுகிற நேரத்தில் அடுப்பில் டீயை வைத்துவிட்டு ஐல்சா ஜன்னலோரம் நிற்பாள். வண்டி வரும், நிற்கும், தகரம் அதிரும், நாய் குதிக்கும், பிறகு அவன் வருவான். வந்து வானத்தைப் பற்றியோ ஆட்டைப் பற்றியோதான் சொல்வான். தான் அங்கே நிற்பது அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நாய்க்குத் தெரிந்திருக்கிறது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான் மெர்வ்.

"நோலாவுக்கும் தெரியும்னுதான் நெனச்ச."

ஐல்சா சாவியின் மேலிருந்து கையை எடுத்தாள். உதட்டோரத்துக் கிரீமைத் துடைக்கச் சொன்னாள். அவன் துடைத்துக்கொண்டு, மீதி ஸ்லைஸையும் தின்று, சாவியை எடுத்தான். காரைக் கிளப்பி ரோட்டுக்கு வந்தவன் ஒரு கணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு மெல்போர்ன் பக்கம் திருப்பினான்.

விமானத்தில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். அதை அவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைத்ததில் ஆள் அசந்துபோய், ஐல்சாவுக்கு வந்த சாப்பாட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டான். இறங்கியதும் நோலா அனுப்பிய படம் வந்திருந்தது. கேரவனுக்கு அடியில், நிழலில், நாலு காலையும் நீட்டிக்கொண்டு டிங்கர் தூங்குகிறது. மெர்வ் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "வயிறு நெறஞ்சிருக்கு" என்றான். "கொஞ்சம் அதிகமாவே போடுறா."

வாடகைக் காரில் லினெட்டின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. கடலை ஒட்டி மரவீடு. ஜன்னலில் விளக்கு இருந்தது. கைத்தடியோடு லினெட் தாழ்வாரத்துக்கு வந்து, யார் வந்திருப்பது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

ஐல்சா இறங்கிவிட்டாள். மெர்வ் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது வருஷமாக வராத மனுஷன், எந்த முகத்தோடு போய் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

ஐல்சா காரைச் சுற்றி அவன் பக்கம் வந்தாள். கதவைத் திறந்து வைத்தாள். உள்ளங்கையால் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

"போதும்டா" என்றாள். "அவ காத்துட்டிருக்கா."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் காரின் ஸ்பிரிங் கிரீச்சென்றது, சரளைக்கல்லில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது.